பூக்காரச் சித்திக்கு எது சரி: ரொக்கமா, ஸ்டிக்கரா, பேசுற பெட்டியா?

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விடியக்காலை நாலரை மணிக்குச் சித்தியிடமிருந்து போன் வந்தது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்கிறார் என்பது பின்னால் கேட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

"தம்பி, முழிச்சிட்டியா? மல்லி இன்னைக்கு ரெண்டாயிரத்து நானூறு சொல்றாங்கப்பா. கையில ஆயிரத்து எரநூறுதான் இருக்கு. ஒரு மூவாயிரம் எடுத்துட்டு வர்றியா? சாயந்தரம் குடுத்துர்றேன்."

புதூரில் இருந்து மாட்டுத்தாவணி பக்கம்தான். போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை. சித்தி இருபத்தைந்து வருடமாகத் தெப்பக்குளம் மாரியம்மன் கோயில் பக்கம் பூ விற்கிறவர். அந்த வாரம் வியாபாரமும் மோசமில்லை. அப்படியிருக்க, தையில், அதுவும் வெள்ளிக்கிழமை, கையில் காசில்லாமல் மார்க்கெட்டில் நின்றது இதுதான் முதல் தடவை.

காசு இல்லாமல் இல்லை. அது திருப்பூரில் இருந்தது. கடையில் தொங்குகிற க்யூஆர் அட்டை சித்தி மகனுடையது. அவன் அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்பதால், ரெண்டு வருடம் முன்னால் ஊருக்கு வந்தபோது தன் கணக்கில் ஒன்று எடுத்து மாட்டிவிட்டுப் போனான். விற்ற காசு அவன் கணக்கில் விழும். சித்தி கேட்கும்போது பக்கத்துத் தேங்காய்க் கடை அண்ணனுக்கு அனுப்புவான், அவர் ரொக்கமாகக் கொடுப்பார். அந்த வியாழக்கிழமை சாயந்தரம் சித்தி கேட்டார், அவனும் "ராத்திரி போட்டு விடுறேம்மா" என்றான். அதற்குள் பைக் கடன் தவணை கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொண்டது. சம்பளம் வர ரெண்டு நாள் தாமதம், அதனால் போனது பூக்காசு. விடிந்து மெசேஜைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது.

அவன் நல்ல பையன். அன்றைக்கு அழாத குறையாகப் பேசினான். ஆனால் அந்தக் காலையில் ஒன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. கடையில் பணம் வாங்க எந்த வழி நல்லது என்று கேட்கிறோம். எது வேகம், எது நவீனம் என்று பார்க்கிறோம். விற்ற காசை, விற்ற ஆள், தனக்கு வேண்டிய நேரத்தில் தொட முடிகிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. அதற்கப்புறம் மூன்று மாதம் சித்திக்காக அலைந்து, விசாரித்து, சிலதைச் செய்தும் பார்த்தேன். தெருவோரம் கடை போடுகிற அம்மாவோ அக்காவோ உங்கள் வீட்டிலும் இருந்தால் இது உதவும் என்று எழுதுகிறேன்.

சித்தியின் முதல் யோசனை, அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழையபடி ரொக்கம் மட்டும் வாங்குவது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூ வியாபாரத்துக்கு ரொக்கம் அவ்வளவு பொருந்தும். சாயந்தரம் விற்ற காசில்தான் மறுநாள் விடியக்காலை பூ எடுக்க வேண்டும். இடையில் இருப்பது ஏழெட்டு மணி நேரம், அதுவும் ராத்திரி. அந்த நேரத்தில் எந்த வங்கியும் திறந்திருக்காது. நாருக்கு, டீக்கு, ஷேர் ஆட்டோவுக்கு, ராத்திரி தினக் கடன் வசூலிக்க வருகிற தண்டல்காரருக்கு என்று எல்லாமே கைக்காசு.

இன்னொன்றும் உண்டு. சுருக்குப் பையில் எவ்வளவு இருக்கிறது என்பது சித்திக்கு மட்டும்தான் தெரியும். சித்தப்பா இருந்தவரைக்கும் வீட்டில் காசு தங்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவெல்லாம் அந்தப் பையின் அடியில் மடித்து வைத்த நோட்டில்தான் நடந்தது. காசு சத்தம் போடாது, யாருக்கும் மெசேஜ் அனுப்பாது. பல பெண்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஊரே போனுக்கு மாறிவிட்டது என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கூட்டம் என்று வந்துவிட்டாலும் ரொக்கம்தான். தைப் பௌர்ணமிக்குத் தெப்பத் திருவிழா அன்று சாயந்தரம் தெப்பக்குளத்தைச் சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும், போனில் சிக்னல் கோடு முழுசாகக் காட்டும், பணம் மட்டும் போகாது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கூட்டமே இல்லாத நாளிலும் நின்றிருக்கிறது. 2025 மார்ச் 26-ம் தேதியும் ஏப்ரல் 12-ம் தேதியும் நாடு முழுக்க யூபிஐ தடுமாறியது நினைவிருக்கும்.

சரி, அப்படியென்றால் ரொக்கமே போதாதா? போதாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணியில் இருந்து எட்டு மணி வரை அட்டையை உள்ளே வைத்துவிட்டுச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். கூடை முன்னால் வந்து நின்றவர்கள் அறுபத்தொரு பேர். "ஜிபே இருக்காக்கா?" என்று கேட்டவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஒன்பது பேர் பூ வாங்காமலே போனார்கள். பெரும்பாலும் வேலை முடிந்து வருகிற இளம்பெண்கள், கையில் போனும் வண்டிச் சாவியும் மட்டும். இருபது ரூபாய்ப் பூவுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டியவர்கள் தனி. சில்லறைக்குத் தேங்காய்க் கடைக்கும் சூடக் கடைக்கும் சித்தி எழுந்து எழுந்து போனார்.

மளிகைக் கடையில் இன்றைக்குப் போன ஆள் நாளைக்கு வருவார், பருப்பு அங்கேயே இருக்கும். மல்லி அப்படி இல்லை. மத்தியானம் மொட்டாகக் கட்டியது ராத்திரி விரிந்துவிடும், மறுநாள் அதை யாரும் தலையில் வைக்க மாட்டார்கள். திரும்பிப் போன ஒன்பது பேர் என்றால் ஒன்பது முழம் வாடிப் போனது என்று அர்த்தம். தையில் கிலோ ரெண்டாயிரத்தைத் தாண்டுகிற நாளில் இது சாதாரணமில்லை. கோடையில் வரத்து கூடி விலை முந்நூறு, நானூறுக்கு இறங்குகிற நாளில் வேண்டுமானால் பரவாயில்லை என்று விடலாம். அதனால் ரொக்கம் மட்டும் என்ற யோசனையை விட்டோம். ரொக்கத்தை விடவில்லை.

அடுத்தது ஏற்கெனவே இருந்த வழி, மகன் பெயரில் உள்ள அட்டை. இதில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மறுவாரம் கோயில் பக்கம் பூ, தேங்காய், வளையல் விற்கிற பெண்களின் கடைகளில் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ஏதாவது வாங்கி, ஸ்கேன் செய்து பார்த்தேன். பணம் அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயர் போனில் வரும் அல்லவா, ஏழு கடையில் அஞ்சில் ஆண் பெயர். "யாருக்கா இது?" என்று கேட்டால் மகன், வீட்டுக்காரர், மருமகன், ஒரு இடத்தில் பக்கத்துக் கடைக்காரர். யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. போன் யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரில் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து விற்ற காசை ராத்திரி இன்னொருத்தரிடம் "போட்டு விடுப்பா" என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. விற்பனைக் கணக்கும் அவர் பெயரில்தான் சேருகிறது. நாளைக்குக் கடன் கேட்கப் போனால் வியாபாரம் செய்த அத்தாட்சி யாருக்கு இருக்கும்? மகனுக்கு.

இந்தக் கடன் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சித்தி வாங்குகிற தண்டலின் கணக்கு இது: பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். முடிந்ததும் மறுபடி. வருடத்துக்கு மூன்று தடவை என்றால் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் போகிறது, கையில் ஒரு நாளும் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருந்ததில்லை. இன்னொரு பக்கம், தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசின் பிரதமர் ஸ்வநிதி திட்டம் 2020 ஜூன் முதல் இருக்கிறது. அடமானம் வேண்டாம். முதல் கடன் முன்பு பத்தாயிரம். 2025 ஆகஸ்டில் அதைப் பதினைந்தாயிரம் ஆக்கினார்கள், ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது இருபத்தைந்தாயிரம், அப்புறம் ஐம்பதாயிரம். தவணை தவறாமல் கட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பி வருகிறது. க்யூஆரில் பணம் வாங்குகிறவர்களுக்குச் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. இதற்கெல்லாம் வேண்டியது வியாபாரி என்பதற்கு மாநகராட்சியின் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம், ஆதாரோடு இணைந்த போன் எண், தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. மகனுடைய அட்டையில் ரெண்டு வருடம் வாங்கிய பணம் இதில் சித்திக்கு எள்ளளவும் உதவவில்லை. எனக்கு உள்ளபடியே வருத்தம் இதில்தான்.

ஆக, அட்டை சித்தியின் கணக்கில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இது கேட்க லேசு. செய்யப் போனால், சித்தியின் கணக்கில் பதிந்திருந்தது மகனுடைய பழைய எண், அது இப்போது உயிரோடே இல்லை. வங்கிக்கு ரெண்டு நடை. ஆதாரிலும் அதே பழைய எண், அதை மாற்ற ஆதார் மையத்தில் 75 ரூபாய் கட்டணம், அரை நாள் வரிசை. இதை முதலில் முடித்துவிடுங்கள். இது முடியாமல் எந்த ஏஜென்ட் வந்தாலும் "உங்க பையன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றுதான் கேட்பார், கதை பழையபடி ஆகிவிடும்.

கணக்கு எந்த வகை என்பதையும் பாருங்கள். முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த சிறு கணக்காக இருந்தால், வருடத்தில் மொத்தம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமை மட்டும் மூவாயிரம், நாலாயிரத்துக்கு விற்கிறவருக்கு அது சீக்கிரமே முட்டி நிற்கும். ஆதாரையும் பான் அட்டையையும் கொடுத்து முழுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

சித்திக்கு நான் தனிக் கணக்காகவே திறக்க வைத்தேன். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற கணக்கைப் பூக்காசோடு கலக்கவில்லை. ரெண்டு காரணம். ஒன்று சித்தியின் பயம். அந்தத் தொகைக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2023-ல் திட்டம் தொடங்கியபோதே விதி வைத்தார்கள். விற்ற பணம் வேறு, அதில் பூ விலை போக நிற்கிற வருமானம் வேறு. இருந்தாலும் ரெண்டையும் ஒரே பாஸ்புக்கில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று தோன்றியது. ரெண்டாவது காரணம் கொஞ்சம் பெரியது. யாரோ ஒருவன் ஆன்லைனில் திருடிய பணம் நாலு கை மாறி, அதில் இருபது ரூபாய் பூ வாங்கிய வகையில் நம் கணக்குக்கு வந்துவிட்டால், போலீஸ் புகாரின் பேரில் வங்கி நம் கணக்கையும் நிறுத்தி வைக்கலாம். சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு இப்படி நடந்திருக்கிறது. அது தீர நாள் ஆகும். அந்த நாளெல்லாம் மார்க்கெட்டுக்கு எதை எடுத்துப் போவது? அதனால் வியாபாரக் கணக்கு தனி, அதிலும் பணத்தைத் தங்க விடாமல் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை எடுத்துவிடுவது.

மார்க்கெட்டில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போனில் பணம் வாங்கினால் வரி நோட்டீஸ் வரும் என்று. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், அங்கே பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றியதும் நடந்ததுதான். ஆனால் பொருள் விற்கிறவருக்கு வருடத்தில் 40 லட்சம் ரூபாய் விற்பனை தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவே தேவை. அதோடு புதுப் பூவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சித்தியின் வருட விற்பனை ஏழு லட்சத்தை ஒட்டி. இதைச் சித்தியிடம் மட்டும் சொல்லாமல் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரிடமும் சொன்னேன். பூக்காரர்கள் இந்தப் பயத்தில் அட்டையைக் கழற்ற வேண்டியதில்லை.

வெறும் அட்டைக்குச் செலவில்லை. பல வங்கிகள் கிளையிலேயே கணக்கோடு இணைத்துத் தருகின்றன. கணக்கிலிருந்து நேரே வருகிற யூபிஐ பணத்துக்கு வாங்குகிற கடைக்காரரிடம் கட்டணம் எடுக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் உள்ள ஏற்பாடு. ஒரே அட்டையில் கூகுள் பே, போன்பே, பேடிஎம் எதில் இருந்தும் அனுப்பலாம், மூன்று அட்டை மாட்ட வேண்டாம். ஆனால் அட்டை பேசாது. பணம் வந்ததா என்று எப்படித் தெரியும்?

பட்டன் போனில் வங்கி மெசேஜ் வரும். சித்திக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எண் தெரியும், அது போதும் என்று நினைத்தேன். கூட உட்கார்ந்து பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. பூ வாடாமல் இருக்க அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளிப்பார். நார் ஈரம், துணி ஈரம், விரலெல்லாம் ஈரம். ஒவ்வொரு இருபது ரூபாய்க்கும் கையைச் சேலையில் துடைத்து, போனை எடுத்து, கண்ணை இடுக்கி மெசேஜைத் திறந்து பார்ப்பதற்குள் ரெண்டு பேர் நின்று பார்த்துவிட்டு அடுத்த கூடைக்குப் போய்விடுகிறார்கள். என் டச் போனைக் கொடுத்துப் பார்த்தேன். ஈர விரலுக்கு அது மசியவே இல்லை. சில நாள் மெசேஜே பத்து நிமிடம் கழித்து வரும். அதனால் சித்தி வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்து நம்பிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நேர்மையானவர்கள்தான். ஒரு முறை ரெண்டு பையன்கள் முந்நூறு ரூபாய் மாலைக்கு டிக் போட்ட பச்சைத் திரையைக் காட்டிவிட்டுப் போனார்கள். அந்தப் பணம் வரவே இல்லை. அப்படிப் போலித் திரை காட்டுவதற்கென்றே ஆப் இருக்கிறது. ராத்திரியில் நம் அட்டை மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதனால் சித்தி இப்போது அட்டையை ராத்திரி கூடையோடு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

இங்கேதான் பேசுற பெட்டி வருகிறது. உள்ளேயே ஒரு சிம் இருக்கும், பேட்டரி இருக்கும். பணம் வாங்குகிற கடைக்காரரிடம் போனே தேவையில்லை. பணம் கணக்கில் விழுந்ததும் "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்லும். பட்டன் போன் வைத்திருக்கிற, கை ஈரமாக இருக்கிற, படிக்கத் தெரியாத ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்க்கவில்லை. போலித் திரை வித்தையும் இதன் முன் செல்லாது, பெட்டி பேசவில்லை என்றால் பூ இல்லை.

ஆனால் இதை வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும். முதலில் வந்த ஒரு கம்பெனி ஏஜென்ட் "ஒரு ரூபாய்தாம்மா, வாடகை எல்லாம் கிடையாது" என்று சொல்லி மாட்டினார். அடுத்த மாதம் விற்ற பணத்தில் இருந்தே 125 ரூபாய் பிடித்திருந்தார்கள். கேட்டால் முதல் மாதம்தான் இலவசமாம். அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நாலு வாரம் ஆனது, ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ரெண்டாவது தடவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன்: மாத வாடகை எவ்வளவு, எங்கிருந்து பிடிப்பீர்கள், டெபாசிட் உண்டா, வேண்டாம் என்றால் யாரிடம் கொடுப்பது, கெட்டுப்போனால் யார் பொறுப்பு.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, பணம் கணக்குக்கு எப்போது வரும் என்பது. பெட்டி "பெறப்பட்டது" என்று சொன்னாலும் சில கம்பெனிகளில் அது முதலில் அவர்களிடம் சேர்ந்து, மறுநாள்தான் மொத்தமாக நம் கணக்குக்கு வரும். துணிக் கடைக்கு அதனால் நஷ்டமில்லை. விடியக்காலை நாலரைக்குப் பூ எடுக்க வேண்டியவருக்குப் பத்து மணிக்கு வருகிற பணம் எதற்கு? அப்போதைக்கப்போதே கணக்கில் விழும் ஏற்பாடு உண்டா என்று கேட்டு, பாஸ்புக்கில் ரெண்டு நாள் பார்த்த பிறகுதான் சரி என்றேன்.

பெட்டியில் சித்தி கண்டுபிடித்த குறை ஒன்று உண்டு. எனக்கு அது தோன்றவே இல்லை. "இது ஊருக்கே சொல்லுதுப்பா. அந்தத் தண்டல்காரரு பக்கத்துல நிக்கும்போது நாப்பது, அறுபதுன்னு வரிசையாக் கத்துனா, இன்னைக்குக் காசு இல்ல, நாளைக்குத் தர்றேன்னு எப்படிச் சொல்றது?" ஒரு வாரம் மழையில் வியாபாரம் இல்லாதபோது அந்த ஒரு நாள் தவணை சொல்வதுதான் சித்திக்கு இருந்த ஒரே வசதி. பெட்டி அதைப் பிடுங்கிவிடும் என்று பார்த்தார். சரியான கவலை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோயில் மைக்கும் வண்டிச் சத்தமுமாக இருக்கும்போது அதே பெட்டி காதில் விழுவதில்லை. தண்ணீர் படக்கூடாது என்று பாலிதீன் பையில் சுற்றி வைத்தால் இன்னும் முனகும்.

ஸ்வைப் மெஷினைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, முழத்துக்குக் கார்டு நீட்டுகிறவர் யாருமில்லை.

பட்டன் போனிலேயே பணம் அனுப்ப யூபிஐ 123பே என்று 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது இருக்கிறது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை அனுப்பலாம். மார்க்கெட்டில் மண்டிக்காரருக்கு அதில் கொடுக்கலாமே என்று முயன்று பார்த்தோம். குரல் சொல்லச் சொல்ல எண் அழுத்தி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர் தராசில் தன் பூவை வைத்துவிடுகிறார். வீட்டில் உட்கார்ந்து கரண்ட் பில் கட்ட அது நல்ல வழியாக இருக்கலாம், நாலரை மணி மார்க்கெட்டுக்கு ஆகாது. டச் போன் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னான். சித்திக்கு இஷ்டமில்லை. கண்ணும் ஒத்துழைக்கவில்லை, யாராவது போன் செய்து மிரட்டிக் காசு பறிப்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. நான் வற்புறுத்தவில்லை.

இதில்தான் ஒரு முடிச்சு இருக்கிறது. பணம் வாங்குவதற்குப் போன் வேண்டாம், அட்டையும் பெட்டியும் போதும். கொடுப்பதற்குத்தான் போன் வேண்டும். அட்டையில் வாங்கிய பணத்தைச் சித்தி போன்றவர் விடியக்காலையில் கையில் எடுக்க வசதியான வழி ஏடிஎம் கார்டு. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கமே ஏடிஎம் இருக்கிறது, வழியில் எடுத்துக்கொண்டு போகலாம். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து தடவையும், மதுரை மாதிரி ஊர்களில் மற்ற வங்கி ஏடிஎம்மில் ஐந்து தடவையும் இலவசம். அதற்கு மேல் தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிப்பார்கள். அடிப்படைச் சேமிப்புக் கணக்கென்றால் சில வங்கிகளில் மாதம் நாலோடு சரி. அதனால் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் எடுப்பது என்று கணக்குப் போட்டோம், மாதம் எட்டு ஒன்பது தடவைக்குள் அடங்கும். மற்ற நாளுக்கு ரொக்கமாக வந்ததே போதும். ஏடிஎம் ரகசிய எண் போட நாலு நாள் கூடப் போனேன். ஐந்தாம் நாள் சித்தி தனியாக எடுத்துவிட்டு எனக்கு மிஸ்டு கால் கொடுத்தார்.

இப்போது கடையில் இருப்பது இதுதான். சித்தி பெயரில், சித்தியின் தனிக் கணக்கில் ஒரு அட்டை. அதோடு மாதம் 100 ரூபாய் வாடகையில் ஒரு பெட்டி. ரொக்கம் கொடுக்கிறவர்களுக்கு முதல் மரியாதை, அவர்களுக்கு ஒரு கண்ணி பூ கூட. கணக்கில் சேருவது மூன்றில் ஒரு பங்கு இருக்கும். போன மாதம் ஸ்வநிதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், மாநகராட்சிக் கடிதம் வர வேண்டும். தண்டல் இன்னும் நாற்பது நாள் பாக்கி.

ஆனால் எல்லாருக்கும் பெட்டி வாங்கச் சொல்ல மாட்டேன். சித்தி பக்கத்தில் ஒரு அக்கா கீரையும் வாழை இலையும் விற்கிறார், ஒரு நாளைக்கு அறுநூறு ரூபாய் புரண்டால் அதிகம். அதில் போனில் வருவது நாலைந்து பேர். அவருக்கு மாதம் நூறு ரூபாய் என்பது ஒரு முழு நாள் லாபத்தில் பாதி. அவர் வங்கியில் தன் பெயரில் அட்டை வாங்கி, பக்கத்தில் உட்காருகிற பள்ளிக்கூடத்து மகளை மெசேஜ் பார்க்கச் சொன்னால் போதும். அது மகள் கணக்காக இல்லாமல் அவர் கணக்காக இருக்கட்டும், அவ்வளவுதான் நான் பிடிவாதமாகச் சொல்வது. அழகர் ஆற்றில் இறங்குகிற நாலு நாளில் மட்டும் கடை போடுகிறவர்கள் பெட்டி, அட்டை எதையும் நம்பாமல் பத்து ரூபாய்க் கட்டுகளோடு போவது நல்லது.

திருப்பூருக்குப் போன் செய்து அட்டையை மாற்றிவிட்டோம் என்று சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணே, ஒவ்வொரு தடவையும் அம்மா என்கிட்டக் காசு கேக்கும்போது எனக்குத்தான் கூச்சமா இருக்கும்ணே" என்றான். அவனுக்கும் அப்படி இருந்திருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பெட்டி வைத்த முதல் வெள்ளிக்கிழமை நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது காலேஜ் படிக்கிற ஒரு பெண், ஒரு முழம் மல்லி, முப்பது ரூபாய். பெட்டி சத்தமாகச் சொன்னது. பக்கத்துக் கூடைகளில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்து, பக்கவாட்டுப் பொத்தானை ரெண்டு மூன்று தடவை அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அதைத் தன் பக்கம் திருப்பி, கூடைக்கும் முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, "அடுத்து யாருத்தா, எத்தனை முழம்?" என்றார்.